பதினொரு மணி வெட்டு

பதுவைத்துறைக் கடற்கரையில், மீன் ஏலம் போடுகிற இடத்தில், ஊரே கூடி நின்ற ஒரு காலை பதினொரு மணிக்குப் பிலவேந்திரன் தன் தங்கை புருஷன் தொம்மையை அரிவாளால் வெட்டினான். ஒரே வெட்டு. அது வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாக, தொம்மையின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கி, அவன் சிரித்துக்கொண்டிருந்த சிரிப்பைக்கூட முடிக்க விடாமல் அவனை மணலில் போட்டது. ரத்தம் ஏலத்துக்குக் கிடந்த சீலா மீன்களின் மேல் அடித்தது, மீன்காரிகள் கூடைகளைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினார்கள், பிலவேந்திரன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கை இறங்கிவிட்டது; ஆனால் வெட்டு இன்னும் முடியவில்லை என்று அவனுக்குப் பட்டது. ஏதோ ஒன்று தலைக்கு மேலே ஓங்கினபடி அங்கேயே நிற்கிறது என்று பட்டது. அதை யாரிடமும் சொல்ல நேரமில்லாமல் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

எதற்கு வெட்டினான் என்று கேட்டால், வலைக்காக. முந்தின நாள் கடலில் காற்று திரும்பி, வலை கடலடிப் பாறையான பாரில் சிக்கி, வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரை அள்ளத் தொடங்கியபோது, தொம்மை யாரையும் கேட்காமல் கத்தியை எடுத்து வலைக்கயிற்றை அறுத்துவிட்டான். வள்ளம் நிமிர்ந்தது. அதிலிருந்த நான்கு பேரும் பிழைத்தார்கள், அந்த நான்கு பேரில் பிலவேந்திரனும் ஒருவன். ஆனால் வலை அவனுடையது. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கண்ணி கண்ணியாக அவன் முடிந்த புது வலை, அது கடலுக்கடியில் போவதைப் பார்த்து அவன் வாய்விட்டு அழுதான். மறுநாள் ஏலத்தில் தொம்மை அந்த அழுகையை ஊருக்கு நடித்துக் காட்டினான். தொம்மை கெட்டவன் இல்லை, வாய் அடங்காதவன், அவ்வளவுதான். "மச்சான் அழுத அழுகையில கடல் ஒரு சாண் ஏறிப்போச்சுலே," என்றான், ஊர் சிரித்தது, அவனும் சிரித்தான், அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான் அது நடந்தது. தன் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவனைத்தான் பிலவேந்திரன் வெட்டினான் என்பதை ஊர் ஒருநாளும் மறக்கவில்லை, அவனும் மறக்கவில்லை.

மறுநாள், தொம்மையை அடக்கம் செய்துவிட்டு ஊர் திரும்பி வரும்போது, பதினொரு மணிக்கு அந்த வெட்டு அதே இடத்தில் மறுபடியும் விழுந்தது. கையும் இல்லை, அரிவாளும் இல்லை. காற்றைக் கிழிக்கிற ஒரு சத்தம், அவ்வளவுதான், ரத்தம் நக்க வந்திருந்த ஒரு செவலை நாய் இரண்டு துண்டாகக் கிடந்தது. அதற்கடுத்த நாளும் பதினொரு மணிக்கு விழுந்தது. அதற்கடுத்த நாளும். பங்குச் சாமியார் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தார். துளிகள் இரண்டிரண்டாகப் பிளந்து விழுந்தன. இன்ஸ்பெக்டர் வந்து தூரத்தில் நின்று பார்த்தார், ஆயுதம் கோர்ட்டில் இருக்கிறது, ஆள் சிறையில் இருக்கிறான், வெட்டு மட்டும் இங்கே கிடந்தால் அதை எந்தப் பிரிவில் எழுதுவது என்று கேட்டுவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். உபதேசியார் சந்தியாகு, கோயில் மணி அடிப்பதும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும் பிணத்துக்குச் செபம் படிப்பதுமாக இருக்கிற மனுஷன், ஒரு கயிறு கொண்டுவந்து வெட்டு விழுகிற இடத்தை அளந்து, சுற்றிலும் வட்டமாகக் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தார்.

அதற்குப் பிறகு ஊர் அதோடு வாழப் பழகிக்கொண்டது. எதோடுதான் பழகவில்லை? ஆறாவது மாதம் ஒரு மீன்காரி, தலை கல்லாக இருக்கிற ஒரு பெரிய சுறாவோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போய், மணி பதினொன்றாகப் போகிறது என்று பார்த்து, அதை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டுவிட்டு விலகி நின்றாள். தலை தனியாக, முண்டம் தனியாக, கசாப்புக்கடைக்காரன்கூட அப்படி நறுக்கென்று வெட்டமாட்டான். அன்றிலிருந்து திருக்கையும் சுறாவும் பட்டவர்கள் எல்லாம் பதினொரு மணிக்கு வரிசையில் நின்றார்கள், வரிசையில் யார் முந்தி என்று தினமும் சண்டை நடந்தது. பாகம் பிரிய முடியாமல் இருந்த இரண்டு அண்ணன் தம்பிகள் அப்பன் வைத்துவிட்டுப் போன தேக்குப் பெட்டியைக் கொண்டுவந்து வெட்டுக்கடியில் வைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போனார்கள், பாதிப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று தெரியாது. அந்தோணியார் சப்பரம் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமையும் வெட்டு விழுந்தது, அதற்கு ஓய்வுநாள் கிடையாது. பெரிய வெள்ளியன்று மட்டும் சத்தமில்லாமல் விழுந்தது, அதுவாவது மரியாதை தெரிந்த வெட்டு என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

ஊரில் ஒருத்தி மட்டும் தன் மீனை அங்கே கொண்டுபோகவில்லை. அவள் தொம்மையின் பெண்டாட்டி, பிலவேந்திரனின் ஒரே தங்கை, அமலோற்பவம். எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும் தன் கையால், தன் கத்தியால், மூச்சு வாங்க வாங்க அவளே வெட்டினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இவ்வளவும் பிலவேந்திரனுக்கு, வருஷத்துக்கு ஒருமுறை தவக்காலத்தில் சிறைக்கு வந்து பார்த்த உபதேசியார் சொன்னதுதான். ஒவ்வொரு முறையும் அவன் ஒரே கேள்வியைக் கேட்பான்: "இன்னும் விழுதா?" ஒவ்வொரு முறையும் உபதேசியார் ஒரே பதிலைச் சொல்வார்: "விழுது." சிறைக்கு வருகிற சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லி உபதேசியார் கெஞ்சினார், மாட்டேன் என்றுவிட்டான். அந்த இடத்தில் போய் நின்று, தான் ஓங்கின வெட்டைத் தானே வாங்கிச் சாவது என்று அவன் முதல் வருஷத்திலேயே முடிவு செய்திருந்தான். பதினான்கு வருஷம் அந்த ஒரு நினைப்பில்தான் அவன் சிறைச் சோற்றைத் தின்றான்.

விடுதலையாகி வந்த அன்றைக்கு அவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, துணிப்பையோடு நேராகக் கடற்கரைக்கு நடந்து, சுண்ணாம்புக் கல் வட்டத்துக்குள் போய், தொம்மை நின்ற இடத்தில் தொம்மை நின்ற மாதிரியே நின்றுகொண்டான். வரிசையில் ஐந்தாறு மீன்காரிகள் நின்றார்கள். அவனை அடையாளம் தெரிந்து ஒருத்தி வாயில் கையை வைத்தாள். கோயில் மணி பதினொன்று அடித்தது. காற்று கிழிந்தது. வெட்டு அவன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கி, தண்ணீருக்குள் போகிற மாதிரி அவனுக்குள் போய், அந்தப் பக்கமாக வெளியே வந்து, காலடியில் கிடந்த ஒரு கல்லை இரண்டாகப் பிளந்தது. அவன் தொட்டுப் பார்த்தான். கழுத்து இருந்தது. ஒரு சிராய்ப்புகூட இல்லை. பிலவேந்திரன் அப்படியே மணலில் உட்கார்ந்து, அன்றைக்கு வலைக்காக அழுத மாதிரியே வாய்விட்டு அழுதான்.

வரிசையில் முதலில் நின்ற கிழவி, "அழுவுறதுன்னா அங்கிட்டுப் போய் அழுவும்வே," என்றாள். "இன்னைக்கு வெட்டு உம்மளால வீணாப் போச்சு. நாளைக்கு வரைக்கும் இந்தச் சுறாவை நான் எங்க வைக்க?"

ஏழு நாள் அவன் தொடர்ந்து போய் நின்றான். ஏழு நாளும் வெட்டு அவனை விட்டுவிட்டுக் கல்லை வெட்டியது. எட்டாம் நாள் சனிக்கிழமை, சாகவும் வழியில்லாமல், அவன் கோயிலுக்குப் போனான்.

பங்குக்கு அப்போது சேசடிமை சாமியார் வந்திருந்தார். நாற்பது வயசு, வயிற்றில் புண், காரம் சேராது, பிரசங்கத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார் என்று ஊருக்கு அவரைப் பிடிக்கும். அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார், பிலவேந்திரன் சல்லடைக்கு இந்தப் பக்கம் முழங்காலில் நின்றான்.

"என்னை ஆசீர்வதியும் சாமி, நான் பாவி," என்று ஆரம்பித்தவன் எல்லாவற்றையும் சொன்னான். வலையை, காற்றை, அழுகையை, சிரிப்பை, கையில் அரிவாள் வந்த கணத்தை, வெட்டும்போது ஒரு நொடி சந்தோஷமாக இருந்ததை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லும்போது அவனுக்கு நாக்கு குழறியது. கோர்ட்டிலும் சொல்லாத, உபதேசியாரிடமும் சொல்லாத ஒன்று அது. அவன் முடித்ததும், "மனஸ்தாபப்படுதியா?" என்று மட்டும் கேட்டார். "படுதேன் சாமி." அவர் கையை உயர்த்திப் பாவமன்னிப்புச் செபத்தைச் சொன்னார், சிலுவை வரைந்தார், பிறகு சொன்னார்: "அபராதமா மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு. சமாதானமாப் போ."

பிலவேந்திரன் எழுந்திருக்கவில்லை. "எத்தனை சாமி?"

"மூணு."

"பால்ல தண்ணி ஊத்தினவளுக்கு அஞ்சு குடுப்பீரு சாமி."

"அது வேற."

"ஒரு உசுரு சாமி. எனக்கு உசுரு குடுத்தவன் உசுரு. பெரிசா ஏதாவது குடும். செருப்பில்லாம எங்கயாவது நடக்கச் சொல்லும். முள்ளுல கெடக்கச் சொல்லும்."

சல்லடைக்குப் பின்னால் சாமியார் பெருமூச்சு விடுவது கேட்டது. "பெரிசை ஒருத்தர் ஏற்கெனவே செஞ்சிட்டாரு," என்றார், பீடத்தின் மேலே சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்தின் பக்கம் விரலைக் காட்டி. "உனக்கு மிச்சம் வச்சது மூணுதான். போய்ச் சொல்லு."

அவன் போனான். சொல்லவில்லை. கோபம் அவனுக்குத் தலைக்கு ஏறியிருந்தது; வெட்டினவனைப் பிடித்து, போடா சின்னப் பயலே என்று கன்னத்தில் தட்டி அனுப்பின மாதிரி இருந்தது. தொம்மையின் உயிர் மூன்று செபத்துக்குத்தான் தேறுமா? அதைச் சொல்லி முடித்துவிட்டால் தொம்மையை இரண்டாம் தடவை வெட்டினதாக ஆகாதா? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பற்றிச் சாமியாருக்கு வெளியே மூச்சுவிடக்கூட உரிமையில்லை, ஆனால் பிலவேந்திரனே டீக்கடையில் உட்கார்ந்து ஊரெல்லாம் கேட்கும்படி சொன்னான்: "மூணாம்! மூணே மூணு!" ஊரில் பாதிப்பேர் அது அநியாயம் என்றார்கள். மீதிப்பேர், மூணோ முந்நூறோ, குடுத்ததைச் சொல்லித் தொலையேன்வே என்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை அதே பாவத்தை மறுபடியும் கொண்டுபோனான். "இதைப் போன வாரமே மன்னிச்சாச்சு," என்றார் சாமியார். "மன்னிச்ச பாவம் என்கிட்ட இல்ல, ஆண்டவர்கிட்டயும் இல்ல. உன்கிட்ட மட்டும் எப்படி இருக்கு? அபராதம் செஞ்சியா?" இல்லை என்றான். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனான். ஊரில் மற்றவர்கள் பாவத்தை இறக்கிவைக்கப் போகிற இடத்துக்கு, அவன் தன்னுடையதைப் பத்திரமாக இருக்கிறதா என்று காட்டிவிட்டு வரப் போனான்.

பிறகு அவனே தனக்கு அபராதம் கொடுத்துக்கொண்டான். முதலில் கிளிஞ்சல் குவிந்த கரையில் முழங்காலால் நடந்தான், முட்டி கிழிந்து எலும்பு தெரிந்தது. பிறகு நங்கூரச் சங்கிலியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெயிலில் கிடந்தான், இரும்பு சுட்டுத் தோல் உரிந்தது. பிறகு ஒரு திருக்கை வாலைக் காயவைத்துச் சாட்டையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கரையில் நின்று, எல்லாரும் பார்க்கத் தன் முதுகைத் தானே அடித்தான். திருக்கை வால் பட்டவனுக்குத் தெரியும். அது அடிக்காது, அரம் மாதிரி அறுக்கும். ஐம்பது அடி, அறுபது அடி, சதை பிய்ந்து மணலில் விழும், ஈ மொய்க்கும், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் காணாது இன்னும் காணாது என்று முனகிக்கொண்டே அடிப்பான். அடித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அவன் மனசு லேசாக இருக்கும். அந்த லேசுக்காகவே அடுத்த வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தான்.

வெட்டு பெருத்தது. முதல் சாட்டையடிக்கு மறுநாள் அது பதினொரு மணிக்கும் விழுந்தது, பதினொன்றேகாலுக்கும் விழுந்தது. அடுத்த வாரம் வட்டத்தை விட்டு வெளியே வந்து, ஏலக்காரரின் நாற்காலியை அவர் ஒன்றுக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டாகப் பிளந்தது. அதற்கடுத்த வாரம் காயப்போட்டிருந்த வலைகளை வரிசையாக அறுத்துக்கொண்டு போனது, ஒரு வள்ளத்தின் முகப்பைச் சீவியது, வேப்பமரத்தடியில் கட்டியிருந்த சினையாட்டைக் குட்டியோடு சேர்த்து வெட்டியது. உபதேசியார் தன் பழைய கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து அளந்தார், வெள்ளிக்கிழமைகளோடு சேர்த்துப் பார்த்தார், பிறகு ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பிலவேந்திரன் வீட்டுக்குப் போனார்.

"நீ ஒரு அடி அடிச்சா அது ஒரு முழம் தள்ளி விழுது," என்றார். "நான் அளந்திட்டேன். அடிக்காத."

"என் பாவம், என் முதுகு," என்றான் பிலவேந்திரன்.

"உன் முதுகு யாருக்குவே வேணும்? எங்க வலை போச்சு, ஆடு போச்சு," என்றார் பெரியவர்களில் ஒருவர்.

"அப்படின்னா நான் செஞ்சது எவ்வளவு பெரிசுன்னு இப்பமாவது தெரியுதா உங்களுக்கு?" என்றான் அவன். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவன் நூறு அடி அடித்தான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, வட்டத்திலிருந்து நூறு முழம் தள்ளி, கோயில் மதிலோரம் ஓலைப்பந்தலுக்கடியில் உட்கார்ந்து ஊளி மீன் அறுத்துக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் இடது கையில் அது விழுந்தது. பதினான்கு வருஷமாக அந்த வெட்டின் பக்கம் ஒரு மத்தி மீனைக்கூடக் கொண்டுபோகாதவள். மூன்று விரல்கள் மீன் துண்டுகளோடு பலகையில் கிடந்தன. அவள் கத்தவில்லை. முந்தானையைச் சுற்றிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "என் கத்தியை எடுத்து வை, களவு போயிரும்," என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கி விழுந்தாள். சேதி வந்தபோது பிலவேந்திரன் திண்ணென்று வீங்கின முதுகோடு குப்புறக் கிடந்தான். எழுந்து ஓட முயன்றான், கால் வரவில்லை.

நான்கு நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, கையில் பெரிய கட்டோடு அவள் அவன் வீட்டுக்கு வந்தாள். காலை பத்து மணி இருக்கும். பதினான்கு வருஷமும், அதற்குப் பிந்தின இந்த மாதங்களும், அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை; தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கிப் போவாள். வந்தவள் உள்ளே நுழைந்து, சுவரில் தொங்கின திருக்கை வாலை எடுத்து அடுப்பில் போட்டாள். பிறகு திரும்பி, இருக்கிற கையால் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள்.

"வெட்டிரு என்னை," என்றான் அவன். "நீயாவது வெட்டிரு அமலு."

"வாயை மூடு. மறுபடியும் உன் கழுத்தைத்தான் நீட்டுத. உனக்கு வேற ஒண்ணும் தெரியாதா?" கட்டுப்போட்ட கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எண்ணிப் பாரு. எத்தனை போயிருக்கு? மூணு. உனக்குச் சாமி எத்தனை செபம் குடுத்தாரு? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே, எத்தனை?"

அவன் தலை குனிந்தான். "நான் செஞ்சதுக்கு அது காணாது பிள்ளே."

"காணாதுன்னு சொல்ல நீ யாருண்ணே? குடுத்தவன் நீயா? சிலுவையில தொங்கினவரு முதுகு பத்தாதுன்னு உன் முதுகைக் காட்ட வந்தியோ? அவரு முதுகைவிட உன் முதுகு அம்புட்டுப் பெரிசோ?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "என் புருஷன் கயித்தை அறுத்து உனக்கு உசுரு குடுத்தாரு. வாங்கத் தெரியாம வலை போச்சேன்னு அழுத. இப்ப ஆண்டவரு குடுக்காரு. அதையும் வாங்கத் தெரியல. அன்னைக்கும் இன்னைக்கும் உனக்கு ஒரே வியாதிதான்."

பிலவேந்திரனுக்கு நெஞ்சில் ஏதோ முறிந்தது. "நீ என்னை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள் அவள், யோசிக்காமல். "சில நாளு காலைல எந்திக்கும்போது மன்னிச்சிரலாம்னு தோணும். சோத்தைப் போட்டுட்டு உக்காந்தா அந்த ஆளு ஞாபகம் வந்திரும், போயிரும். என் காரியம் வேற. நாளாகும், நடக்காமலும் போகும். உன்னை மூணு செபத்துல விட்டுட்டாரேன்னு நான் மாதா கெபி முன்னால நின்னு சண்டை போட்டிருக்கேன், தெரியுமா? எனக்கு அது பிடிக்கவே இல்ல. ஆனா அவரு மன்னிச்சிட்டாரு. மன்னிச்சது மன்னிச்சதுதான். எனக்குப் பிடிக்காட்டியும், உனக்குப் பிடிக்காட்டியும்." வாசலுக்குப் போனவள் திரும்பாமலே சொன்னாள்: "போய்ச் சொல்லிட்டு வா. எனக்கு இன்னும் ஏழு விரல் இருக்கு."

அவன் போனான். சங்கிலி இல்லை, சாட்டை இல்லை, சட்டைகூடச் சரியாகப் போடவில்லை. வெறுங்கையோடு அந்தக் கரையில் நடப்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வட்டத்துக் கற்களில் பாதி நொறுங்கிக் கிடந்தன. மீன்காரிகள் வெட்டு இப்போது எங்கே விழும் என்று தெரியாமல் மதிலோரம் ஒண்டி நின்றார்கள், ஒரு பெரிய சுறா மட்டும் ஏலம் போடுகிற இடத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. தொம்மை விழுந்த இடத்தில் பிலவேந்திரன் முழங்காலில் நின்றான். முட்டி வலித்தது. வலியில் ஒட்டிக்கொள்ளப் போன மனசை இழுத்துப் பிடித்து, முதல் செபத்தைச் சொல்ல வாயைத் திறந்தான்.

நூறு சாட்டையடிக்கு வராத வியர்வை அவனுக்கு அப்போது வந்தது. ஐந்து வயசில் அம்மா மடியில் பாடமான செபம், அதன் வார்த்தைகள் ஒவ்வொன்றும் பாறையாகக் கிடந்தன. இதைச் சொல்லிவிட்டால் தான் சாதாரண ஆளாகிவிடுவோம் என்று தெரிந்தது. ஊரே பயப்படுகிற பாவி இல்லை, வேளாவேளைக்குப் பசிக்கிற, முடிவெட்டிக்கொள்ள வேண்டிய, மன்னிக்கப்பட்ட ஒரு கிழவன். அது சாவதைவிடப் பயமாக இருந்தது. இருந்தும் முதலாவதைச் சொன்னான். இரண்டாவதைச் சொல்லும்போது, வலைக்கயிறு அறுந்ததும் வள்ளம் நிமிர்ந்த அந்தக் கணம் அவனுக்கு ஞாபகம் வந்தது. கடல் தண்ணீரைத் துப்பிவிட்டு அவன் இழுத்த அந்த முதல் மூச்சு எவ்வளவு இனிப்பாக இருந்தது! வலையை நினைத்து அழுததில் அதை அவன் மறந்தே போயிருந்தான். "மச்சான்," என்று ஒருமுறை சொன்னான். பிறகு மூன்றாவதை ஆரம்பித்தான்.

அதில் 'இப்பொழுதும்' என்கிற இடத்துக்கு அவன் வந்தபோது கோயில் மணி பதினொன்று அடித்தது. காற்று கிழிந்தது. மதிலோரம் நின்ற பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். வெட்டு மேலேயிருந்து வந்து, இந்த முறை அவன் கழுத்துக்குள் போகவில்லை, வேறெங்கும் போகவில்லை, நேராக அவன் வலது கைக்குள் வந்தது. ஓங்கின அரிவாளின் கனம் மொத்தமும் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அதை அவன் மெல்ல, மிக மெல்ல, தூங்குகிற பிள்ளையை இறக்குகிற மாதிரி இறக்கி, மணலில் வைத்தான். ஆமென் என்றான். கனம் போய்விட்டது.

அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. முழுச் சிரிப்பு இல்லை, பின்பாதி மட்டும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பாதியில் நின்றுபோனதன் மீதி. தொம்மையின் குரல் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. அது சிரித்து முடித்து ஓய்ந்தது, பிறகு கடல் சத்தம் மட்டும் இருந்தது. அவனுக்குப் பின்னாலேயே வந்து மதில் பக்கத்தில் நின்றிருந்த அமலோற்பவம் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பதினொன்றேகால் ஆனது. பதினொன்றரை ஆனது. வெட்டு விழவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்தார்கள், கிழவி தன் சுறாவைக் காலால் தள்ளிப் பார்த்தாள். "அப்ப இனிமே நாமதான் வெட்டணுமாக்கும்," என்று அலுத்துக்கொண்டாள். "இந்தத் தலையை யாரு வெட்டுவா?"

அமலோற்பவம் எழுந்து வந்தாள். அன்றைக்கு எடுத்துவைத்தவளிடம் வாங்கி இடுப்பில் செருகியிருந்த தன் கத்தியை, ஒரு முழ நீளம், தீட்டித் தீட்டி நடு ஒடுங்கின கத்தியை உருவி, பிடியை அண்ணன் பக்கமாகத் திருப்பி நீட்டினாள். பதினான்கு வருஷமாக அவன் கை கத்தியையோ அரிவாளையோ தொட்டதில்லை. சிறையில் காய்கறி நறுக்குகிற வேலையைக்கூட வேண்டாமென்று அழுது மறுத்தவன். அவன் கத்தியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

"பிடிண்ணே," என்றாள் அவள். "சுறா நாறுது."

அவன் வாங்கினான். அவள் மணலில் குந்தி உட்கார்ந்து, வெட்டு விழ வேண்டிய இடத்துக்கு நாலு விரற்கடை தள்ளி, முழுசாக இருந்த தன் வலது கையைச் சுறாவின் செவுளுக்குள் நுழைத்து அதை ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் கத்தியை உயர்த்தினபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் மட்டும் கையை எடுக்கவில்லை.

"நான் இன்னும் மன்னிக்கல," என்றாள், அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்து. "பாத்து வெட்டு."

பிலவேந்திரன் பார்த்து வெட்டினான்.